மூன்றாம் பகுதியின் மேல் ஒரு கோடு

ஜனவரி 3, வெள்ளி

வத்தளை முன்மதிப்பீட்டை இன்று முடித்தேன்.

காலையில் என் மனைவி காந்திமதியின் வலக்கண்ணில் மருந்து விட்டேன். புரை எடுத்து இது இரண்டாம் வாரம். எந்த வேளைக்கு எந்தச் சீசா என்று கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அவள் மற்றக் கண்ணால் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "கண்ணு எனக்கு, பரீட்சை உங்களுக்கா?" என்றாள்.

பத்து மணிக்கு அரசூர். மில்லில் நிதி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றபின், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு இரண்டு நாள் குழந்தைவேலுவின் அட்டைப்பெட்டி ஆலைக்குப் போய் வருகிறேன். ஆலோசகர் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் "இவருதான் எங்க சாருங்க" என்று மட்டும் சொல்வார். எழுபத்து மூன்று வயதில் ஒரு நாற்காலி இருப்பது பெரிய விஷயம்.

கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில், தேயிலைக்குப் பெட்டி செய்யும் ஒரு கம்பெனியை அவர் வாங்கப் போகிறார். வங்கி கடன் கொடுக்கிறது. அரசூர் ஆலை நிலம் அடமானம். வத்தளைக் கம்பெனி ஈட்டும் பணத்திலிருந்தே மாதத் தவணையைக் கட்டிவிட முடியுமா? இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் பதில் எழுத வேண்டும். முடியாது என்றால் அவர் வாங்கமாட்டார். முடியும் என்று நான் சொல்லி, முடியாமல் போனால், நிலம் போகும்.

எல்லாத் தொகையையும் நம் ரூபாய்க்கு மாற்றிக்கொண்டேன். ரொக்க ஓட்ட அறிக்கையில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, தொழில் நடத்துவதில் வந்த, போன பணம். இரண்டாவது, எந்திரம் முதலியவற்றை வாங்கி விற்றது. மூன்றாவது, கடன் வாங்கியதும் திருப்பியதும். விற்பவர் தம் கடன்களையெல்லாம் அடைத்துவிட்டுத்தான் கம்பெனியை ஒப்படைப்பார். ஆகவே மூன்றாம் பகுதி நமக்கு இல்லை. என் வழக்கப்படி அதன்மேல் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டேன். முதல் பகுதியிலிருந்து மாதம் இருபத்தெட்டு லட்சம் நிற்கிறது. தவணை பதினெட்டு. பத்து லட்சம் மிச்சம்.

வத்தளையின் கணக்குத் தலைவர் நிரஞ்சலா என்ற அம்மையார். அவர் அனுப்பிய அறிக்கைகள் சுத்தமானவை. கூட்டலில் ஒரு பிழைகூட இல்லை. சரிபார்த்தேன்.

ஜனவரி 6, திங்கள்

என் நாள் இல்லை. ஆனாலும் கார் அனுப்பி வரவழைத்தார்கள். குழந்தைவேலுவின் அறையில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் என் முன்மதிப்பீட்டை வைத்து, அவர் மனைவி வசந்தாமணி நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவினார். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. இந்த ஆலையில் மஞ்சள் வைத்த தாளை யாரும் திருத்துவதில்லை. எந்திரம் வாங்கும்போதும், நிலம் வாங்கும்போதும் அப்படித்தான். கையெழுத்து நாள் வரை அது சாமி படத்தின் முன்னாலேயே இருக்கும். இந்த முறை தை பத்தாம் தேதி, வரும் இருபத்து மூன்று.

"சார் கணக்குப் போட்டாச்சுன்னா அப்பறம் அதுல ஒரு புள்ளி மாறாதுங்க" என்று குழந்தைவேலு எல்லோரிடமும் சொன்னார். கேசரி கொடுத்தார்கள். இரண்டு பொட்டலம் வீட்டுக்கும்.

மாலை வத்தளையிலிருந்து நிரஞ்சலா பேசினார். அறிக்கையின் அமைப்பு பற்றி ஒரு சிறு ஐயம். பதில் சொன்னேன்.

இரவு மருந்து விட்டேன்.

ஜனவரி 8, புதன்

அரசூர். குறிப்பிடும்படியாக ஒன்றுமில்லை. மின்வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

நிரஞ்சலாவிடமிருந்து மின்னஞ்சல் ஏதும் இல்லை. ஏன் வர வேண்டும்? அதுதான் பதில் சொல்லியாயிற்றே.

ஜனவரி 10, வெள்ளி

வேறு வேலை இல்லாததால் வத்தளை ஆண்டறிக்கையின் பின்பகுதியைப் படித்தேன். கணக்குக்குப் பின்னால் வரும் விளக்கக் குறிப்புகள். முன்பு படிக்கவில்லை என்று சொல்ல முடியாது, புரட்டியிருந்தேன். பதினெட்டாம் குறிப்பு வரை வந்தேன். கண் வலித்தது. மூடி வைத்துவிட்டேன்.

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். வயிறு சரியில்லை.

ஜனவரி 11, சனி

வயிறு.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

குழந்தைவேலு வீட்டிலிருந்து ஒரு கட்டுக் கரும்பும் பட்டுக்கரை வேட்டியும் வந்தன. டிரைவர் கொடுத்துவிட்டு, "அண்ணன் உடம்பைப் பாத்துக்கச் சொன்னாருங்க. சார் இருபத்தி மூணாந் தேதி பக்கத்துல நிக்கோணுமாமுங்க" என்றார்.

வேட்டியைப் பீரோவில் வைத்தேன். காந்திமதி சமையலறையிலிருந்து கேட்டாள்: "வயித்துக்கு என்னதான் செய்யுது உங்களுக்கு? காலைல பொங்கலை ரெண்டு மட்டம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்கல்லா?"

அவளுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டினேன். கண் ஆறும் வரை அவள் வாசிக்கக் கூடாது.

ஜனவரி 15, புதன்

ஆலை விடுமுறை. இதை எழுதத்தான் வேண்டும்.

பத்தொன்பதாம் குறிப்பையும் பத்தாம் தேதியே படித்துவிட்டேன். அது குத்தகை பற்றியது. வத்தளைக் கம்பெனி இருக்கும் கட்டடம் அதன் சொந்தம் அல்ல. பெரிய எந்திரங்கள் இரண்டும் அப்படியே. எல்லாவற்றுக்கும் வாடகை.

குழந்தைவேலுவின் ஆலை போன்ற நம் சிறிய கம்பெனிகளில், பழைய இந்திய விதிப்படி, இப்படிப்பட்ட வாடகை தொழில் செலவு. மாதம் கட்டுகிறோம், முதல் பகுதியில் கழிக்கிறோம், முடிந்தது. நான் படித்ததும் நாற்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்ததும் அந்த விதியில்தான். இலங்கையில் உலகப் பொது முறையைப் பின்பற்றுகிறார்கள். அங்கே நீண்ட காலக் குத்தகை என்பது ஒரு கடனைப் போல. கட்டடத்தைச் சொத்துப் பக்கம் எழுதுகிறார்கள், கட்டப்போகும் வாடகையைக் கடன் பக்கம் எழுதுகிறார்கள். மாதாமாதம் வாடகை கொடுக்கும்போது அது கடனைத் திருப்பியதாக மூன்றாம் பகுதிக்குப் போய்விடுகிறது. முதல் பகுதி, வாடகையே இல்லாத கம்பெனியைப் போலக் கொழுகொழுவென்று தெரியும். கொடுக்கும் பணம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். அது உட்காரும் இடம்தான் வேறு.

நான் குறுக்குக் கோடு போட்டது அந்த மூன்றாம் பகுதியின் மேல்.

விற்பவர் தம் வங்கிக் கடனை அடைப்பார். வாடகையை யார் அடைக்க முடியும்? கட்டடத்தில் இருக்கும் வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மாதம் பதினைந்து லட்சம். இருபத்தெட்டில் பதினைந்து போனால் பதின்மூன்று. தவணை பதினெட்டு.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். ஐந்து லட்சம் துண்டு விழுகிறது, ஒவ்வொரு மாதமும்.

இந்த விதிகளின் வேறுபாடு எனக்குத் தெரியாததல்ல. சில ஆண்டுகளுக்கு முன் இதைப் பற்றி ஒரு கருத்தரங்குக்குப் போனேன். குறிப்பும் எடுத்தேன். தெரிந்திருந்தும் கை பழக்கத்தில் கோடு போட்டுவிட்டது.

ஜனவரி 17, வெள்ளி

சொல்லிவிடுவது என்று போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு சிறு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

குழந்தைவேலு அறையில் தனியாகத்தான் இருந்தார். பிள்ளையார் படத்துக்கு முன்னால் என் தாள்கள். மஞ்சள் காய்ந்து, மூலைகள் சுருண்டிருந்தன. யாரோ புதிதாக ஒரு செம்பருத்தி வைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டார். தேவலை என்றேன். மோர் வரவழைத்தார். குடித்தேன். மஞ்சள் வைத்த தாளைப் பற்றி நான் எப்படி ஆரம்பிப்பது? அது அவர்கள் நம்பிக்கை. அதைக் குலைக்க நான் யார்? இப்படி நினைத்துக்கொண்டேன்.

புதுக் காலண்டர் ஒன்று கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

வங்கியிலிருந்து கடன் பிரிவு அதிகாரி ஜெரால்டு வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், மெல்லப் பேசுகிறவர். கையெழுத்துக்கு முன் கடைசிச் சந்திப்பு. குழந்தைவேலு, நான், அவர். சுவரில் இருந்த திரையில் வத்தளையிலிருந்து நிரஞ்சலா. முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். முன்தலையில் நரை.

ஜெரால்டு என் தாளின் நகலைப் பார்த்துக்கொண்டே, "இந்த ஃபேக்டரி கட்டடம் அவங்க சொந்தமா சார்?" என்று கேட்டார்.

என்னைத்தான் கேட்டார். நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

"லீசுங்க" என்றார் குழந்தைவேலு.

"அப்ப வாடகை எங்க சார் இருக்கு? மாசச் செலவுல காணோமே?"

குழந்தைவேலு சிரித்தார். "கொழும்புல இருந்து வந்த பேப்பர்லயே எடம் மாறிப் போயிருக்குமாட்ட இருக்குதுங்க. எங்க சார் தப்பு வுடமாட்டாருங்க."

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நிரஞ்சலா என்னைப் பார்த்தார். நான் பேச அவகாசம் கொடுப்பது போல இருந்தது. பிறகு, "ஓம் சேர். நான் இன்னும் விளக்கமா எழுதியிருக்கோணும்" என்றார்.

நானும் தலையாட்டினேன்.

கையெழுத்து தள்ளிப் போயிற்று. வீடு வரும் வழியில் சமையல் கேஸ் புத்தகத்தைக் கொடுத்துச் சிலிண்டருக்குப் பதிந்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

தலையாட்டினேன் என்று நேற்று எழுதியது முழுதும் சரியல்ல. "ஆமாம், அவர்கள் அனுப்பிய முறையில் கொஞ்சம் குழப்பம் இருக்கிறது" என்றும் சொன்னேன்.

ஆறாம் தேதி அவர் பேசியதையும் சரியாக எழுதவில்லை. அமைப்பு பற்றிய ஐயம் அல்ல. வாடகை மூன்றாம் பகுதியில் இருக்கிறது, பார்த்தீர்களா என்று சொல்லத்தான் கூப்பிட்டார். எனக்கு இவ்வளவு ஆண்டு அனுபவம் உண்டு, கணக்கு என் வேலை என்று சொன்னேன். அது கொஞ்சம் கடுமையாக இருந்திருக்கலாம்.

ஜனவரி 22, புதன்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தைவேலு என் அறைக்கு வந்தார். வழக்கமாக ஆள் அனுப்பித்தான் கூப்பிடுவார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வாங்குவதை அவர் விடவில்லை. விலையைக் குறைத்துக் கேட்கப் போகிறார், ஜெரால்டிடம் தவணைக் காலத்தை நீட்டச் சொல்லப் போகிறார். அதெல்லாம் நல்ல யோசனைதான். பிறகு சொன்னார்: "அங்க இருக்கறவங்க எல்லாரும் இருக்கட்டுமுங்க சார். கணக்குக்கு மட்டும் நம்ம ஆளை அனுப்பிரலாம்."

"அந்த அம்மா?" என்று கேட்டேன்.

"மூணு மாசச் சம்பளம் குடுத்து அனுப்பிச்சிரலாமுங்க. ஒரு பேப்பரை வெளங்கற மாதிரி எழுதத் தெரியாதவங்கள வெச்சுட்டு என்னுங்க பண்றது? வங்கிக்காரன் முன்னால உங்களைத் தலை குனிய வெச்சுப்போட்டாங்களே." அவருக்கு உண்மையாகவே கோபம். எனக்காகக் கோபம். "நீங்களே ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க சார். உங்க கையெழுத்து இருந்தா நாளைக்கு ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்."

வெள்ளிக்கிழமை ஜெரால்டு மறுபடி வருகிறார். அதற்குள் வேண்டும் என்றார். சரி என்றேன்.

ஜனவரி 23, வியாழன்

இரண்டு வரியை மூன்று விதமாக எழுதினேன்.

"அனுப்பப்பட்ட அறிக்கைகளில் தெளிவின்மை காணப்படுகிறது." இது பொய். தெளிவின்மை இல்லை. குத்தகை என்று தனி வரி போட்டு, குறிப்பு எண்ணும் கொடுத்திருந்தார்.

"அறிக்கை முறை நம் முறையிலிருந்து வேறுபடுகிறது." இது பொய் அல்ல. இதைப் படிக்கிறவர் பொய்யைப் புரிந்துகொள்வார்.

மூன்றாவதை எழுதவே கூசுகிறது. நல்ல தமிழில், மிக மரியாதையாக இருந்தது.

காந்திமதிக்குப் பத்திரிகை வாசித்தேன். "அதே வரிய ரெண்டு மட்டம் வாசிக்கியளே" என்றாள். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் அல்ல. கோடு போட்டதையும், வாடகையையும், இரண்டு வரியையும் சொன்னேன். அவள் மற்றக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டிப்பாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பிள்ளைக்குக் குடும்பம் இருக்கா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

"மாசாமாசம் சம்பளம் வாங்கின ஆளுதானே நீங்களும்."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய் அரிசி களைந்தாள். குனியக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதை நினைவூட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

பட்டுக்கரை வேட்டியைக் கட்டவில்லை. பழையதையே கட்டிக்கொண்டு போனேன்.

அதே அறை, அதே மூவர், திரையில் நிரஞ்சலா. குழந்தைவேலு, "சார் ஒரு நோட்டுக் குடுப்பாருங்க" என்று ஆரம்பித்தார். ஜெரால்டு பேனாவைத் திறந்தார்.

நோட்டு கொண்டு வரவில்லை என்றேன். பிழை வத்தளையில் நடக்கவில்லை, என் மேசையில் நடந்தது என்றேன். அவர்கள் விதிப்படி வாடகை எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் இருந்தது. நான்தான் அதைக் கடன் என்று எண்ணி அடித்தேன். பத்தாம் தேதி அது எனக்குத் தெரிந்துவிட்டது. கையெழுத்துக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. சொல்லவில்லை. இதைப் பேசி முடிக்கையில் குரல் மிகவும் சிறுத்துவிட்டது. கடைசிச் சொற்கள் யாருக்கும் கேட்டிருக்குமா என்று தெரியவில்லை.

நான் எதிர்பார்த்தது கோபம். குழந்தைவேலு நெகிழ்ந்து போனார். "பாத்தீங்களா?" என்று ஜெரால்டிடம் திரும்பினார். "ஒரு பொம்பளை வேலைக்கு ஆபத்து வருதுன்னதும் பழிய எடுத்துத் தன் மேல போட்டுக்கறாருங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

ஜெரால்டும் மரியாதையாகத் தலையசைத்தார். "பெரியவங்க" என்றார்.

என் வாழ்நாளில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. பொய் சொன்னபோது நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் நற்குணம் என்கிறார்கள். அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியது என்பதை எழுதிவிடுகிறேன்.

திரையைப் பார்த்து, "அம்மா, ஆறாம் தேதி சாயங்காலம் நீங்க எனக்குப் போன் பண்ணீங்க. என்ன சொன்னீங்க, நான் என்ன சொன்னேன்னு இவங்க கிட்ட சொல்லுங்க" என்றேன்.

நிரஞ்சலா தயங்கினார். "அது முடிஞ்ச கதை ஐயா."

"சொல்லுங்கம்மா."

"வாடகை மூண்டாம் பகுதியில இருக்கு, அதை வெட்டினா கட்டிடத்துக்குக் காசு எங்க இருந்து வரும் எண்டு கேட்டனான்." அவர் குழந்தைவேலுவைப் பார்த்துச் சொன்னார், என்னை அல்ல. "ஐயா சொன்னவர், அனுப்புறதுதான் உங்கட வேலை, கணக்கு என்ர வேலை எண்டு."

"அவ்வளவுதானுங்களா?" என்றார் குழந்தைவேலு. குரல் மாறியிருந்தது.

"அவ்வளவுதான் சேர்."

குழந்தைவேலு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அங்கிருந்து பிள்ளையார் படம் தெரியும். மஞ்சள் தாளை எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார். பிறகு முதுகைத் திருப்பியபடியே, "புதுசா ஒண்ணு போட்டு அனுப்புங்கம்மா. வாடகையையும் சேத்து. நீங்களே போடுங்க" என்றார்.

எனக்கு டீ வந்தது. வழக்கம்போல என் கோப்பையில்தான். "சாருக்குக் கார் எடுக்கச் சொல்லுப்பா" என்றார். ஒன்பது ஆண்டில் முதல்முறையாக என்னை வாசல் வரை அவர் கொண்டுவிடவில்லை.

அவர் முழுவதையும் சொல்லவில்லை. நிரஞ்சலாவைச் சொல்கிறேன். "அவ்வளவுதான்" என்றபோது நானும் வாயைத் திறக்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

காலை நிரஞ்சலாவுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். பிறகு உண்மையான மன்னிப்பு. அன்று நான் சொன்ன மற்ற வார்த்தைகளைத் திரும்பச் சொல்லி, அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

பாதியில் நிறுத்தினார். "திரும்பச் சொல்ல வேண்டாம் ஐயா. ஒருக்காக் கேட்டது காணும்."

அவர் பக்கம் தட்டுமுட்டுச் சத்தம், தண்ணீர் ஓடும் சத்தம். பிறகு அவராகவே சொன்னார். "அண்டைக்கு நான் சமைச்சுக்கொண்டிருந்தனான். போனை ஸ்பீக்கர்ல போட்டிட்டுத்தான் கதைச்சனான். அம்மா பக்கத்தில கதிரையில இருந்தவ. வைச்ச பிறகு, ‘ஆர் அது, பிள்ளை?’ எண்டு கேட்டவ."

"என்ன சொன்னீங்கம்மா?"

"இந்தியாவில ஒரு பெரிய படிப்பாளி, எனக்குக் கணக்குச் சொல்லித் தாறார் எண்டனான்."

பிறகு அவர், "உங்கட வைஃப்பின்ர கண் எப்பிடி ஐயா?" என்று கேட்டார். ஆறி வருகிறது என்றேன். நல்லது என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் வைக்கும் வரை காத்திருந்து வைத்தார்.

ஜனவரி 29, புதன்

அரசூருக்குப் போகவில்லை. கார் வரவில்லை. வரும் என்று ஒன்பதரை வரை சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

ஜெரால்டு மரியாதைக்காக நிரஞ்சலாவின் புதிய முன்மதிப்பீட்டை எனக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தார். ஒரே பக்கம். இரண்டு நாட்டு முறையிலும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறார். நம் முறையில் வாடகை மேலே, அவர்கள் முறையில் கீழே. அடியில் இரண்டுக்கும் ஒரே எண், பதின்மூன்று. தவணையைப் பதினொன்றாகக் குறைத்தால் தாங்கும் என்று ஒரு வரி. கூட்டலைச் சரிபார்க்கக் கை போயிற்று. நிறுத்திக்கொண்டேன்.

ஆண்டறிக்கையை மூடுமுன் இன்னொரு குறிப்பு கண்ணில் பட்டது. சென்ற ஆண்டுக் கணக்கில் நேர்ந்த ஒரு சிறு பிழையைத் திருத்தியிருக்கிறார்கள். நம் பழைய விதிப்படி முந்தைய ஆண்டின் பிழையை இந்த ஆண்டுக் கணக்கில் தனி வரியாகக் காட்டினால் போதும். போன ஆண்டுப் பக்கம் அப்படியே இருக்கும். அவர்கள் விதி அப்படி அல்ல. பிழை நடந்த ஆண்டுக்கே திரும்பிப் போய், அங்கே இருக்கும் எண்ணையே மாற்றி எழுத வேண்டும். மேலே ‘திருத்தி எழுதப்பட்டது’ என்றும் போட வேண்டும்.

இருபத்தோராம் தேதி நான் செய்தது நம் முறை. போதவில்லை.

ஜனவரி 6, திங்கள். திருத்தி எழுதப்பட்டது

என் முன்மதிப்பீட்டுக்கு மஞ்சள் தடவினார்கள். நான் பெருமைப்பட்டேன்.

மாலை ஆறு மணிக்கு நிரஞ்சலா போன் செய்தார். நலம் விசாரித்தார். கண் ஆஸ்பத்திரி பற்றிச் சொன்னேன். பிறகு அவர், வாடகை மூன்றாம் பகுதியில் இருப்பதைச் சொன்னார். இரண்டு முறை, பொறுமையாக. அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அன்றே புரிந்தது. பத்தாம் தேதி அல்ல.

அனுப்புவது உங்கள் வேலை, கணக்கு என் வேலை என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "கேசுக்கும் பெட்ரோலுக்கும் நடுரோட்டுல நாள்கணக்கா வரிசையில நின்ன ஊரும்மா உங்களது. நாட்டுக் கணக்கையே ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல. நீங்க எனக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டாம்" என்றேன். குரலை உயர்த்தவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அந்தப் பக்கம் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது. ஒரு வயதான அம்மாள் இருமினார். பிறகு நிரஞ்சலா, "சரி ஐயா. வைஃப்பின்ர கண்ணைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இரவு காந்திமதிக்கு மருந்து விட்டேன். கை நடுங்கவில்லை.